நோவா சிப்பிக்குக் கீழே

சிப்பி தட்டுப்பட்டதும் சந்தியாகு மச்சான் கிணற்றுக்குள்ளிருந்து, "மச்சான், நோவா வந்துட்டாரு" என்று குரல் கொடுப்பார். பதினெட்டு இருபது அடி ஆழத்திலிருந்து அந்தக் குரல் உறைக்கு உறை மோதி மேலே வரும். நாங்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஆளுக்கொரு பீடி பற்றவைப்போம். அதற்குமேல் கவலை இல்லை. நோவா வந்துவிட்டால் தண்ணீர் ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும்.

நான் அன்வர் பாட்சா. மணமேல்குடி ரோட்டில் கிணற்றுக்குச் சிமெண்டு உறை வார்க்கிற பட்டறை வைத்திருக்கிறேன். என் அத்தா சேக் அலாவுதீன் காலத்திலிருந்தே கட்டுமாவடிக்குத் தெற்கே இருக்கிற சூசையப்பர்பட்டினத்துக்கு உறை எங்களுடையதுதான். அத்தா வார்ப்பார், நான் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன், சந்தியாகு இறக்குவார். எனக்கு அப்போது இருபது வயது, அவருக்கு இருபத்தாறோ ஏழோ. நல்ல கறுப்பு, கழுத்தில் மாதா சுரூபம், இடுப்பில் துண்டு. முதல் உறையை மணல்மேல் வைத்து, அதற்குள் உட்கார்ந்து சுற்றிலும் விளிம்புக்கு அடியில் மணலைத் தோண்டுவார். தோண்டத் தோண்ட உறை தன் கனத்தாலேயே கீழே இறங்கும். அது தரைமட்டத்துக்கு வந்ததும் அதன் தலைமேல் அடுத்த உறை. ஒரு பக்கம் கூடத் தோண்டிவிட்டால் உறை சாய்ந்து மாட்டிக்கொள்ளும். அவர் இறக்கிய உறை சாய்ந்து நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவர் மனைவி ஞானசௌந்தரி தூக்குவாளியில் கஞ்சியும் சுட்ட காரல் கருவாடும் கொண்டுவரும். கருவாட்டு வாசனை அடித்ததும் மச்சான் யாரும் கூப்பிடாமலே மேலே வந்துவிடுவார். பனைமர நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் வேதாந்தம் ஆரம்பிக்கும். சிப்பி ஒவ்வொன்றாக மண் போகத் துடைத்து மணலில் வரிசை வைப்பார். கடலுக்கு ஒன்றரை மைல் தள்ளி, இருபது அடிக்குக் கீழே, கடல் சிப்பி எப்படி வந்தது? நோவா காலத்து வெள்ளத்தில் வந்தது. வேறு எப்படி வரும்?

"எங்க நூஹு நபியத்தான் நீங்க நோவாங்குறீங்க" என்பேன்.

"அப்பச் சரி. கப்பல்ல உங்காளுக்கும் எங்காளுக்கும் ஒரே எடம்தான்" என்பார்.

அந்தப் பனைமரம் இப்போது இல்லை. அந்த மாதிரிப் பசியும் இல்லை. இன்றைக்கு என் வீட்டில் ஹமீதா பானு ஆறு வகை வைத்தாலும் அந்தக் கஞ்சிக்கு ஈடாகவில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள், அதனால் சொல்வதில்லை.

விளையாட்டாகச் சொல்லிச் சொல்லி மச்சான் அதை ஒரு சட்டமாகவே ஆக்கிவிட்டார். சிப்பிக்கு மேலே இருப்பது வெள்ளத்துக்குப் பிந்திய மண், அதில் வருகிற தண்ணீர் சவர். சிப்பிக்குக் கீழே இருப்பது வெள்ளத்துக்கு முந்திய பூமி, ஆண்டவர் படைத்தபடியே இருக்கிற பூமி, அங்கே தண்ணீர் தித்திக்கும். அவர் வெட்டிய கிணறெல்லாம் சொல்லிவைத்தாற்போல அப்படியே அமைந்தது. சிப்பியைத் தாண்டி ஒரு முழம் மணல், அதில் இளநீர் மாதிரித் தண்ணீர், அதற்கடியில் நீலக் களிமண். களி தெரிந்ததும் நிறுத்திவிடுவார். அதைத் தாண்டிப் போகவேண்டிய அவசியம் அந்தக் காலத்தில் வரவில்லை.

இந்த வருடம் வந்தது. இரண்டு வருடமாகக் கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு மோட்டார் வேறு. சித்திரை முடிவதற்குள் கோயில் கிணற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. சூசையப்பர் கோயிலுக்கு முன்னால் இருக்கிற அந்தக் கிணறுதான் நாற்பது வீட்டுக்கும் குடிதண்ணீர். தொண்ணூற்றி மூன்றில் மச்சான் வெட்டியது. பெண்கள் ஒரு குடம் இறைத்துவிட்டு, ஊறுவதற்கு அரைமணி நேரம் காத்திருந்தார்கள்.

ஊர்க்கூட்டம் போட்டு மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் யோசிக்கவே இல்லை. "களிய ஒடைச்சு எறங்கிருவோம். அதுக்குக் கீழ வெள்ளத்துக்கு முந்தின தண்ணி தேங்கிக் கெடக்கு. ஏழு வருசம் மழை பெய்யலைன்னாலும் வத்தாது" என்றார். மூன்று உறை வேண்டும் என்று எனக்குப் போன் வந்தது.

சனிக்கிழமை டிராக்டரில் உறையை ஏற்றிக்கொண்டு போனபோது அவர் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டி நின்றது. மகள் ஜெசிந்தா திருச்சியிலிருந்து வந்திருந்தாள். மண்ணும் பாறையும் பற்றிய படிப்பை முடித்துவிட்டு, நிலத்தடித் தண்ணீர் பார்க்கிற ஒரு கம்பெனியில் வேலை. தாய்தான் போன் போட்டு வரவழைத்திருக்கிறது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

"வாங்க மாமா. சாப்பிட ஒக்காருங்க" என்றாள்.

கிழங்கான் மீன் குழம்பு. ஒரு வாய் வைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறது. ஞானசௌந்தரி கை அப்படித் தவறுகிற கை இல்லை. மகள் வந்த பரபரப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜெசிந்தா சோற்றைப் பிசையாமலே பேசத் தொடங்கிவிட்டாள். மச்சான் மட்டும் குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தக் களிய மட்டும் தொடாதீங்க."

"தொடாம எப்படி அங்கிட்டுப் போறது?"

"அங்கிட்டுப் போகவே வேணாங்குறேன். அந்தக் களி ஒரு சட்டி மாதிரிப்பா. பெய்யிற மழை மணல்ல எறங்கி, சிப்பிக்கு அடியில வந்து அந்தச் சட்டியிலதான் நிக்குது. நாம இத்தனை வருசமாக் குடிக்கிறது அந்த மழைத் தண்ணி. சட்டிக்குக் கீழ இருக்கிறது பழைய கடல் தண்ணி. ஓட்டை போட்டீங்கன்னா அது மேல ஏறி, இருக்கிற நல்ல தண்ணியும் கெட்டுப் போயிரும். அப்புறம் சரி பண்ணவே முடியாது."

"பழைய கடல்னு நீயே சொல்ற. எத்தனை வருசத்துப் பழசு?"

"அஞ்சாயிரம், ஆறாயிரம் வருசம் இருக்கும். கடல் அப்ப இந்த எடம் வரைக்கும் இருந்துச்சு. சிப்பியெல்லாம் அப்ப உள்ளது."

மச்சான் சோற்றுக்கையோடு என் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா மச்சான். அஞ்சாயிரம், ஆறாயிரம். நம்ம நோவா கணக்குக்குப் பக்கத்துலதான் வருது. இதைச் சொல்றதுக்கு இவ திருச்சியில அஞ்சு வருசம் ஹாஸ்டல்ல கெடந்திருக்கா."

ஜெசிந்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கடல் நாப்பது நாள்ல வந்துட்டுப் போகலப்பா. கொஞ்சங் கொஞ்சமா, பாக்குறவனுக்குத் தெரியாமப் பின்னால போச்சு."

"மெதுவாப் போனா என்ன, வெரசாப் போனா என்ன. தண்ணி வந்துச்சு, போச்சு, சிப்பி கெடக்கு. வேதத்துல இருக்கிறதுதான."

"சரி, வேதத்துக்கே வாரேன்" என்று அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "வெள்ளம் வானத்துலேருந்து மட்டுந்தான் வந்துச்சா?"

"இல்ல. பூமிக்கு அடியில இருந்த ஊத்தெல்லாம் பொளந்துக்கிட்டு வந்துச்சு."

"அந்த ஊத்துத் தண்ணி ஒலகத்தைப் பொழைக்க வச்சுச்சா, அழிச்சுச்சா?"

மச்சான் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டார்.

"வெள்ளத்தை வடிய வைக்கும்போது ஆண்டவர் அந்த ஊத்தை என்ன பண்ணுனாரு?"

"அடைச்சாரு" என்றார் மச்சான்.

"எதை வச்சு அடைச்சாருன்னு எழுதல. களின்னு நான் சொல்றேன். ஆண்டவர் அடைச்ச வாயை நீங்க கடப்பாரைய வச்சுத் தொறக்கப் போறீங்க."

எனக்குக் கைதட்டவேண்டும்போல இருந்தது. வக்கீல் தோற்றுப் போவான். மச்சான் கையை உதறிவிட்டு மகளை உற்றுப் பார்த்தார். கோபம் இல்லை. வேறு ஏதோ.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. வேதத்தை நம்பித்தான் இதைப் பேசுறியா, இல்ல என்னைய மடக்குறதுக்காகப் பேசுறியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பருக்கைகளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"மடக்கத்தான் பேசுனேன். ஆனா நம்பலைன்னு சொல்ல வரலப்பா. பூசைக்குப் போனா எனக்கு அழுகை வருது, அது நெசம். ஆபீஸ்ல மண்ணுச் சாம்பிள எடுத்து வச்சுப் பாக்கும்போது நோவா ஞாபகம் வர மாட்டேங்குறாரு, அதுவும் நெசம். தண்ணி எங்க கெடக்குன்னு சொல்றதுக்கு வேதத்தை எழுதலப்பா. மனுசன் எப்படிக் கெட்டுப் போனான், எப்படித் தப்பிச்சான்னு சொல்லத்தான் எழுதுனது. அதைப் போயி நீங்க கெணத்துக்குள்ள எறக்குறீங்க."

"நான் வெட்டுன கெணறு எதுவும் பொய்க்கலையே."

"அதெல்லாம் களிக்கு மேலப்பா."

ஞானசௌந்தரி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றது. "ரெண்டு பேரும் பேசி முடிங்க. கோயில் கெணத்துல மட்டும் இப்பக் கை வைக்க வேணாம். அங்கிட்டுக் கோயிலுக்குப் பின்னாடி, காலி எடத்துல கை போர் போட்டுக் களிக்குக் கீழ என்னான்னு பாருங்க. ஒரு கொழாய் அளவு ஓட்டைதான. கெட்டா அதோட போகட்டும்."

மச்சான் யோசித்தார். "சரி. தண்ணி வரட்டும். என் நாக்கு சொல்லட்டும். உப்புப் பாக்குற மீட்டரு கீட்டரெல்லாம் வேணாம்."

ஜெசிந்தா சரி என்றாள். அவள் ஏன் அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொண்டாள் என்றால், அவளுக்கு அப்பா நாக்கின்மேல் அவ்வளவு நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்குமே அப்படித்தான். புதுத் தண்ணீர் கண்டால் முதல் கைத் தண்ணீர் வெட்டியவனுக்கு. அவன் வாயில் வைத்துப் பார்த்து நல்ல தண்ணீர் என்று சொன்ன பிறகுதான் குடம் இறங்கும். அதிலும் சந்தியாகு சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. ஒருதடவை எங்கள் பட்டறையில் ஐந்து வீட்டுத் தண்ணீரை ஐந்து டம்ளரில் வைத்தோம், எது எந்த வீட்டுக் கிணறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். ஞானசௌந்தரி செம்போடு வந்து நின்றது.

"அண்ணே, கொழம்புல உப்பு எப்படி இருந்துச்சு?"

"சொன்னா வருத்தப்படுவ, தங்கச்சி."

"தெரிஞ்சேதான் போட்டேன். உங்களுக்குத் தெரியட்டும்னு." குரலை இறக்கியது. "அவுகளுக்கு நாக்கு செத்துப் போச்சுண்ணே. கொரோனாவுல படுத்து எந்திரிச்சதுலேருந்து. கருவாட்டு வாடையும் தெரியல, உப்பும் தெரியல. எல்லாருக்கும் பத்து நாள்ல திரும்ப வந்துச்சு, இவுகளுக்கு வரல. நான் உப்புச் சரியா இருக்கான்னு கேப்பேன், சரியா இருக்குன்னு சொல்லிருவாக. எனக்குத் தெரியும்கிறது அவுகளுக்குத் தெரியாது."

"ஜெசிந்தாவுக்கு?"

"தெரியாது. கொரோனாவுக்கு அப்புறம் அவுக ஒரு கெணறும் வெட்டல. இப்ப ஊரே வந்து கேட்டதும் இல்லைன்னு சொல்ல வாய் வரல. அதான் வேதத்தை இப்படிப் புடிச்சுக்கிட்டுத் தொங்குறாக. போர்ல வர்ற தண்ணிய நல்ல தண்ணின்னு சொல்லிட்டா ஊரு நம்பிரும்ணே. களிய ஒடைச்சிருவாக. கெணறும் போயிரும், இவுக பேரும் போயிரும்."

மூன்று வருடமாக அவரோடு எத்தனை டீ குடித்திருக்கிறேன். "டீ நல்லாருக்கு மச்சான்" என்று அவர் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையில் போர் போடுகிற பெரியகருப்பன் மூன்று ஆட்களோடு வந்து முக்காலி நட்டு, குழாயை இறக்க ஆரம்பித்தான். நான் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். வெயில் அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கே பல்லைக் காட்டியது. ஊரே கூடிவிட்டது. பங்குச் சாமியார் குடையோடு வந்து நின்றார். சின்ன வயதுக்காரர், விருதுநகர்ப் பக்கம். வேதம் சரியா, பிள்ளை சொல்வது சரியா என்று யாரோ அவரிடம் கேட்டார்கள். "நாலு நாளா அரை வாளித் தண்ணியில குளிக்கிறேன். என்னைய விட்டுருங்க" என்றார்.

இருபத்தோராவது அடியில் சிப்பி வந்தது. பிள்ளைகள் பொறுக்க ஓடினார்கள். இருபத்தி மூன்றில் களி. குழாய் வழியாக அது நீலமாக, பசைமாதிரி வழிந்தது. அதைத் தாண்டவே மத்தியானம் ஆகிவிட்டது. முப்பத்தி நாலாவது அடியில் குழாய் சட்டென்று ஒரு முழம் இறங்கியது. பெரியகருப்பன் கம்பியை உருவினான். தண்ணீர் தானாகவே ஏறி வந்து, தரைக்கு எட்டடி கீழே நின்றது. கண்ணாடி மாதிரித் தெளிவு.

கூட்டத்தில் ஒரு சந்தோஷம் பரவியது. ஒரு கிழவர் குருசு போட்டுக்கொண்டார். நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. மீட்டர் பைக்குள்ளேயே இருந்தது, வாக்குக் கொடுத்துவிட்டாள் அல்லவா.

ஒடுக்கமான குவளையைக் கயிற்றில் கட்டிக் குழாய்க்குள் விட்டு மொண்டு, சின்ன வாளியில் ஊற்றிக் கொண்டுவந்தார்கள். மச்சான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வலதுகையைக் குவித்து வாங்கினார். வாயில் வைத்தார். கொப்பளித்தார். விழுங்கினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். இரண்டாவது கை வாங்கினார். அதையும் விழுங்கினார். மூன்றாவது கையும் உள்ளே போயிற்று. அவர் ரொம்பக் கவனமாகப் பார்க்கிறார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அல்லாவே, இந்த மனுசன் வாயில் பொய் வராமல் காப்பாற்று என்று கேட்டேன். மெய்யாகச் சொல்கிறேன், வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பின்னால் நான் குடித்துப் பார்த்து உப்பு என்று சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்? உறை வார்க்கிறவனுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்?

மச்சான் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஞானசௌந்தரி கண்ணை எடுக்காமல் நின்றது. அந்தப் பார்வையிலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், இவளுக்குத் தெரியும் என்று.

"ஜெசி, இங்கிட்டு வா" என்றார்.

அவள் போனாள்.

"எனக்குத் தெரியலம்மா."

"என்னப்பா?"

"உப்பா இனிப்பான்னு எனக்குத் தெரியல. மூணு வருசமா நாக்குல ஒண்ணும் தெரியல. நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு."

பெரியகருப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். ஜெசிந்தா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாளியில் கைவிட்டு ஒரு கை அள்ளிக் குடித்தாள். துப்பவில்லை. அவர் மூன்று கை விழுங்கியதைப் பார்த்த பிறகு அவளால் எப்படித் துப்ப முடியும்? கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அது உப்பாலா வேறெதனாலா தெரியாது.

"உப்புப்பா" என்றாள். "கடல் தண்ணி மாதிரியே இருக்கு."

மச்சான் தலையாட்டினார். "கருப்பா, வெளிய எடுத்த களிய உருட்டி உருட்டிக் கொழாய்க்குள்ள போட்டு இடிச்சு அடைச்சிரு. ஒரு சொட்டு மேல வரக்கூடாது" என்றார். பிறகு சாமியாரிடம், "மன்னிச்சுக்கங்க சாமி. ஆண்டவர் அடைச்சதைத் தொறந்துட்டேன்" என்றார். சாமியார் அவர் தோளில் கை வைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவும் மகளும் கோயில் கிணற்று மேடையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். களியைத் தொடாமல், சிப்பி மணலுக்குள் பக்கவாட்டில் நாலு பக்கமும் குழாய் அடித்தால் ஊற்று அகலமாகும் என்பது அவள் கணக்கு. எந்தப் பக்கத்தில் மணல் பருமன், எந்தப் பக்கத்தில் பொடி என்பது முப்பது வருடத்துக்கு முன் அந்தக் குழிக்குள் நாலு நாள் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் தெரியும். கோயில் பக்கம் வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பக்கம் அடி என்றார். தூர் வாருவதற்குத் தானே இறங்குவதாகச் சொன்னார். அறுபத்திரண்டு வயதில் எதற்கு என்றேன். "நாக்குதான் போச்சு மச்சான், கை இருக்குல்ல" என்றார்.

மூன்று நாள் வேலை. ஒரு நாள் விட்டு மறுநாள் காலையில் பார்த்தபோது தண்ணீர் இடுப்பளவுக்கு ஊறியிருந்தது. மேலத்தெருக்காரர்கள் மோட்டாரை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுவதாகச் சாமியார் முன்னால் ஒத்துக்கொண்டார்கள். குடங்கள் வரிசையில் நின்றன. முதல் வாளியை இறைத்து மேடைமேல் வைத்தார்கள்.

யார் முதல் கை வாங்குவது என்று கூட்டம் தயங்கியது. ஜெசிந்தா பையிலிருந்து மீட்டரை எடுத்து வாளிக்குள் விட்டாள். "நானூத்தி அறுபது. ரொம்ப நல்ல தண்ணிப்பா" என்றாள்.

"நம்பர் இருக்கட்டும்மா" என்றார் மச்சான். வாளியில் கைவிட்டு அவளுக்கு ஒரு கை ஊற்றினார், தானும் ஒரு கை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். வாய் நிறையத் தண்ணீரோடு, சொல்லு என்று அவளுக்குக் கையைக் காட்டினார்.

அவள் குடித்துவிட்டு நாக்கை ஒருதடவை சுழற்றிப் பார்த்தாள். இந்த மாதிரி ஒன்றை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"மொதல்ல ஒண்ணுமே தெரியலப்பா" என்றாள். "ஜில்லுன்னு இருக்கு, அவ்வளவுதான். அப்புறம் நாக்கு ஓரத்துல லேசா ஒரு இனிப்பு. பனங்கெழங்கு தின்னுட்டுத் தண்ணி குடிச்சா வருமே, அந்த மாதிரி. தொண்டையில எறங்கும்போது ஒரு சிப்பி வாடை. சுண்ணாம்பு இல்ல, சிப்பிதான். அதுவும் போயிருது. போனப்புறம் இன்னொரு வாய் குடிக்கணும்போல இருக்கு."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவள் சொல்லி முடிக்கும்வரை வாயில் தண்ணீரை வைத்திருந்து, பிறகு விழுங்கினார்.